உபதேசியாரின் மேல்வரிசைப் பற்கள்

போன வாரம் வகுப்பில் உங்களில் ஒருத்தி என்னிடம், "மேடம், நீங்க செஞ்சதிலயே பெரிய தப்பு எது?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடிக்க வேண்டாம், நல்ல கேள்விதான். மாற்றிப் பல் பிடுங்கியிருக்கிறேன், ஒரே ஒரு முறை. அந்த ஆள் என்னை மன்னித்துவிட்டார், அதுவும் எப்படியும் போகவேண்டிய பல்தான். பெரிய தப்பு என்று நான் நினைப்பது அதை அல்ல. அதைச் செய்தபோது என் கையில் குறடும் இல்லை, ஊசியும் இல்லை. வாயால் செய்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில், பாறசாலை ரயில் நிலையத்துக்குப் போகும் ரோட்டில், ஒரு துணிக்கடையின் மாடியில் என் கிளினிக் இருந்தது. ஒரே அறை. நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு பிளைவுட் தட்டி. இந்தப் பக்கம் நாற்காலியும் நானும், அந்தப் பக்கம் இரண்டு பெஞ்சும் காத்திருப்பவர்களும். தட்டி பார்வையை மறைக்கும், பேச்சை மறைக்காது. உதவிக்கு அம்பிகா இருந்தாள். நெய்யாற்றின்கரையிலிருந்து பஸ்ஸில் வருவாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள், பாதி மலையாளமும் பாதி தமிழுமாகப் பேசுவாள். நோயாளிகள் என்னைப் பார்த்தால் பயப்படுவார்கள், அவளைப் பார்த்தால் சிரிப்பார்கள். அந்தக் கிளினிக் ஓடியதற்குக் காரணம் என் கைராசி என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

எனக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பார்கள், எனக்கு மூக்கு முழுக்கவே அதுதான். அந்த மூக்குக்கு இன்னொரு பயிற்சியும் இருந்தது. என் அண்ணன் குடித்தார். அவர் படியேறும்போதே உள்ளே இருக்கும் எனக்கு வாடை தெரிந்துவிடும். ஏலக்காய் மென்றுகொண்டு வந்தால், ஏலக்காய்க்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றும் தெரியும். நாற்பது வயதில் அண்ணன் போய்விட்டார். இந்த ஒரு விஷயத்தில் என் மூக்கு தவறவே தவறாது என்ற இறுமாப்பு மட்டும் என்னிடம் மிஞ்சியது.

சத்தியநேசன் வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. ஆரியங்கோட்டுக்கு உள்ளே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த ஒரு சின்ன சபையின் உபதேசியார் அவர். உபதேசியார் என்றால் உங்களில் சிலருக்குத் தெரியாது. போதகருக்குப் பல சபைகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் பிரசங்கம் செய்வதும், சுகமில்லாத வீட்டுக்குப் போய் ஜெபிப்பதும், மணியடிக்க ஆள் வராத நாளில் மணியடிப்பதும் உபதேசியாரின் வேலை. சபை கொடுத்த வீட்டில்தான் குடியிருப்பார். சத்தியநேசனுக்கு ஐம்பது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் குடை.

"பல்லு புளிக்குது டாக்டரம்மா. பச்சவெள்ளம் குடிக்க ஒக்காது," என்றார். எங்கள் பக்கத்தில் பல் கூச்சத்தை அப்படித்தான் சொல்வார்கள், வெறும் தண்ணீர்கூடக் குடிக்க முடியவில்லை என்று பொருள்.

மேல் முன்பற்களை முன்பக்கம் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. கண்ணாடியை உள்ளே விட்டுத் திருப்பி, அண்ணத்தைப் பார்த்திருக்கும் பக்கத்தைப் பார்த்தேன். அங்கே எனாமல் இல்லை. வழவழவென்று கரைந்து, உள்ளே இருக்கும் மஞ்சள் தெரிந்தது. கடைவாயில் யாரோ எப்போதோ வெள்ளி அடைத்திருந்தார்கள். சுற்றிலும் பல் கரைந்து இறங்கிவிட, அடைத்தது மட்டும் மேடாக நின்றது.

இது சொத்தை அல்ல, அமிலத்தின் வேலை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். எலுமிச்சம்பழம், சோடா என்று வெளியிலிருந்து வரும் புளிப்பு பெரும்பாலும் பல்லின் முன்பக்கத்தைத்தான் முதலில் தின்னும். உள்பக்கம் இப்படிக் கரைந்திருந்தால் வயிற்றிலிருந்து ஏறிவரும் அமிலத்தைச் சந்தேகிக்க வேண்டும். அது ஏன் ஏறுகிறது என்பதற்குப் புத்தகத்தில் ஐந்தாறு காரணங்கள் போட்டிருந்தன. அதில் குடியும் ஒன்று. மற்றவற்றை நானும் படித்துத்தான் பாஸ் செய்தேன்.

ஆனால் அவர் கண் சிவந்திருந்தது. குரல் கரகரத்தது. வாயில் கிராம்பு. கிராம்புக்குப் பின்னால் ஒரு புளித்த வாடை. மணி காலை ஒன்பதரை. எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

"உபதேசியாரே, எத்தன வருஷமா குடி உண்டு?"

அவர் வாய்க்குள் என் கண்ணாடி இருந்தது. அதை எடுத்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்னது டாக்டரம்மா?"

"குடி. சாராயமா, கள்ளா?"

"அய்யோ, நான் குடிக்கமாட்டேனே. நான் உபதேசியாராக்கும்."

"உபதேசியாருக்கு நாக்கு கெடையாதா? கிராம்பு சவச்சா எனக்குத் தெரியாதுண்ணு நெனச்சீங்களா? காலத்தயே இந்த மணம். குடிய விட்டுட்டு வாங்க, பொறவு பல்லப் பாப்போம். இல்லேண்ணா நான் என்னத்த வச்சு அடச்சாலும் நிக்காது."

இதைக் காதோடு சொல்லவில்லை. என் குரல் உங்களுக்குத் தெரியும், அன்று இதைவிடக் கூடுதல்.

அவர் "செரி டாக்டரம்மா" என்று எழுந்தார். கீழே விழுந்திருந்த குடையை எடுக்கக் குனிந்தவர், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு வாஷ்பேசினுக்குப் போய்த் துப்பினார். பார்த்தாயா என்று அம்பிகாவிடம் கண்ணால் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவர் போன பிறகு அவருடைய கார்டில் சிவப்பு மையில் 'குடிகாரர்' என்று எழுதினேன். ஆங்கிலத்தில்தான் எழுதினேன். அப்படி எழுதினால் திட்டியது போல இல்லாமல் வைத்தியம் பார்த்தது போல இருந்தது.

தட்டிக்கு அந்தப் பக்கம் வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் அதே சபையைச் சேர்ந்தவள். அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் குரலைத் தாழ்த்தியிருப்பேனா என்று கேட்டால், உள்ளதைச் சொல்கிறேன், அன்று தாழ்த்தியிருக்க மாட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அந்தச் சபையின் செயலாளர் வந்தார். ரப்பர் ஷீட் வியாபாரி, மரியாதையான மனிதர். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார்.

"டாக்டரம்மா, அவருக்கமேல எங்களுக்கு விரோதம் ஒண்ணும் கெடையாது. ஆனா ஆலயத்தில ஏறி நிண்ணு பிரசங்கம் பண்ணுத ஆளு பாத்துக்கிடுங்க. ஊரு முழுக்க பேச்சாயாச்சு. ரெண்டு ஞாயிறா அவர பிரசங்கத்துக்கு விடல்ல. மற்றநாளு, ஞாயிறு ஆராதன முடிஞ்சு கமிட்டி கூடுது. நீங்க ஒரு வரி எழுதித் தந்தா போதும்."

"என்ன வரி?"

"அவரு குடிப்பாருண்ணு."

"எழுதித் தந்தா?"

"வேலைய விட்டு நிறுத்துவோம். வீட்டையும் ஒழிஞ்சு தரணும். திருவிருந்துக்கும் சேக்கமாட்டோம். வேற வழியில்ல."

சொன்னதற்கு இப்படி ஒரு விலை இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. ஒரு மனிதரின் வேலை, குடியிருக்கும் வீடு, ஆலயத்தில் அப்பமும் ரசமும் வாங்க அவர் முழங்கால் போட்டு நிற்கும் இடம், எல்லாம் என் லெட்டர்பேடில் ஒரு வரியாக வந்து நின்றது. இருந்தாலும் எழுதத்தான் உட்கார்ந்தேன். சொன்ன சொல்லை மாற்றினால் டாக்டரின் மதிப்பு என்னாவது என்ற எண்ணம்தான். கார்டை எடுத்து வரும்படி அம்பிகாவிடம் சொன்னேன்.

அவள் கார்டோடு வந்தாள், ஆனால் கையில் தரவில்லை.

"டாக்டரே, ஒரு காரியம் பறயட்டா?"

"சொல்லு."

"அன்னைக்கு அந்த ஆளு துப்பினது ஞானாக்கும் கழுவினது. அது சாராயம் இல்ல. எனக்க வீட்டுக்காரன் துப்புறத பதினஞ்சு வருஷமா கழுவுறேன், எனக்கு அறியாதா? இது மோரு புளிச்ச மணம். தெளிஞ்ச வெள்ளம்."

"அன்னைக்கே ஏன் சொல்லல்ல?"

"டாக்டர் கேட்டில்லல்லோ. ஏசிட்டில்லே இருந்தது."

கார்டை வாங்கிப் பார்த்தேன். என்ன சாப்பிடுகிறார், எப்போது படுக்கிறார், வேறு மருந்து உண்டா, வயிறு எப்படி, நெஞ்சு எரிகிறதா, வாயில் புளித்த தண்ணீர் வருகிறதா, ஒன்றுமே எழுதப்படவில்லை. ஏனென்றால் ஒன்றுமே கேட்கப்படவில்லை. அவர் குனிந்ததும் வயிற்றிலிருந்து ஏறியதை என் கண்ணாலேயே கண்டேன். நோய் என் முன்னால் வந்து தன்னைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறது, நான் அதைக் குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பேனாவை மூடினேன். "இன்னைக்கு எழுத முடியாது. ஞாயித்துக்கிழம நானே வாறேன்," என்றேன்.

செயலாளரின் முகம் மாறியது. "அன்னைக்கு ஒறப்பாட்டு சொன்னீங்களாமே?"

"சொன்னேன். இப்பம் ஒறப்பு இல்ல."

தட்டிக்கு அந்தப் பக்கம் ஆறு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உறுதி இல்லை என்று பலர் காதில் விழச் சொல்வதற்கு எந்தக் கல்லூரியிலும் பயிற்சி கொடுப்பதில்லை. எனக்கு அது அன்றுதான் முதல் தடவை, நாக்கு கசந்தது.

மறுநாள் மதியத்தோடு கிளினிக்கைப் பூட்டிவிட்டு, கண்ணாடியையும் ஒரு டார்ச்சையும் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் ஒரு பஸ் பழுதாகிப் போய்ச் சேர ஐந்தரை ஆகிவிட்டது. ஆலயத்துக்குப் பின்னால் ஓட்டுவீடு. வாசலுக்கு வந்தது அவர் மனைவி தங்கபாய். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னும் என்ன பாக்கி இருக்கு டாக்டரம்மா? குப்பி தேட வந்தீங்களா?"

"இல்ல. அன்னைக்குக் கேக்க வேண்டியத கேக்காம விட்டேன். அதக் கேக்க வந்தேன்."

அவள் நகரவில்லை. உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. "தங்கபாய், உள்ள வரச் சொல்லு. தூரத்திலேந்து வந்திருக்கினும்."

முற்றத்து வெளிச்சத்தில் உட்காரவைத்து வாயைப் பார்த்தேன். மூன்று வாரத்தில் நிலைமை மோசமாகியிருந்தது. ஈறோரத்தில் பல் கீறல் கீறலாக இருந்தது, ஈறில் ரத்தம் கசிந்தது.

"ஒரு நாளைக்கு எத்தன மட்டம் பல்லு தேய்ப்பீங்க?"

தங்கபாய்தான் சொன்னாள். "முன்ன காலத்த ஒரு மட்டம். இப்பம் அஞ்சு மட்டம், ஆறு மட்டம். உமிக்கரியும் உப்பும் போட்டு. உங்களுக்க மூக்குக்குப் பயந்தாக்கும்."

புளித்த தண்ணீர் ஏறியதும் எனாமல் கொஞ்ச நேரம் இளகி நிற்கும். அந்த நேரத்தில் வெறும் தண்ணீரால் கொப்பளித்துவிட்டுச் சும்மா இருந்தால், எச்சில் அதை மெல்ல மெல்லச் சரிசெய்யும். இவரோ ஏறிய உடனே, வாடை போகவேண்டும் என்று, உமிக்கரியைப் போட்டு இளகியதையெல்லாம் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தார். நான் குடிகாரர் என்று சொல்லாமல் இருந்திருந்தால் இதைச் செய்திருக்க மாட்டார். அவர் பல்லுக்கு வயிறு செய்ததோடு நான் செய்ததும் சேர்ந்துகொண்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதை அவர்களிடம் சொன்னேன்.

"போட்டு, விடுங்க டாக்டரம்மா," என்றார் சத்தியநேசன். "ஆளுகளுக்குக் கிட்ட நிண்ணு ஜெபிக்க வேண்டிய வேல. வாயில மணம் இருந்தா ஒக்குமா? அதாக்கும் கிராம்பும்."

"புளிவெள்ளம் வருதுண்ணு அன்னைக்கு ஏன் சொல்லல்ல?"

"நீங்க பல்லு டாக்டர். வயித்துக் காரியம் உங்ககிட்ட எதுக்குண்ணு நெனச்சேன். நெஞ்செரிச்சலும் கெடையாது."

எப்போதெல்லாம் ஏறுகிறது என்று கேட்டேன். படுத்தால் வரும் என்றார், தூக்கம் கெடும் என்றார், மற்றபடி கணக்கு இல்லை என்றார். கண் சிவந்ததற்கும் குரல் கரகரத்ததற்கும் காரணம் கிடைத்துவிட்டது. ஆனாலும் இவ்வளவு கரைவதற்கு அது போதாது என்று பட்டது. கேட்டுக்கொண்டே ஏழு மணியாகிவிட்டது. சாப்பிடாமல் போகக்கூடாது என்று பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள். தங்கபாய் என் தட்டில் மரச்சீனிக் கிழங்கை வைத்த வேகத்தில் கோபம் இன்னும் இருந்தது. ஆனால் மீன்கறியில் நடுத்துண்டு எனக்குத்தான் வந்தது.

அந்த வருடங்களில் எங்கள் பக்கம் சாயங்காலம் அரைமணி நேரம் கரண்டை நிறுத்துவார்கள். அவர்கள் வீட்டுக்கு ஏழரை மணி முறை. அதற்குள் வெளிச்சத்தில் சாப்பிட்டு முடித்துவிட்டு, அந்த அரைமணி இருட்டைக் குடும்ப ஜெபத்துக்கு வைத்திருந்தார்கள். மரச்சீனி, புளி தூக்கலான மீன்கறி, மேலே ஒரு கிளாஸ் பால் விடாத கட்டன் காப்பி. அவர் காப்பி கிளாஸைக் கீழே வைக்கவும் கரண்டு போகவும் சரியாக இருந்தது.

கண் இருட்டுக்குப் பழகியபோது தங்கபாய் நாற்காலியில் கையூன்றி முழங்காலிட்டிருந்தாள். அவர் பாயில் முழங்காலிட்டு, உடம்பை மடக்கி, நெற்றியைத் தரையில் வைத்திருந்தார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, சுவரோரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். ஜெபம் தொடங்கியது. முதலில் சுகமில்லாதவர்கள், பிறகு வேலைக்காகத் தூரதேசம் போனவர்கள், பிறகு சபையின் வீடுகள் ஒவ்வொன்றாக. வீட்டுக்காரர் பேர், மனைவி பேர், பிள்ளைகள் பேர், அவர்களுக்கு என்ன வேண்டும் என்பது. அதில் செயலாளரின் வீடு நாலாவதாக வந்தது. அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்லாமல், பேறுகாலத்துக்கு வந்திருக்கும் அவர் மகளுக்காக வேண்டிக்கொண்டார்.

நாலைந்து வீட்டுக்கு ஒருமுறை குரல் நின்றது. ஒரு விழுங்கல். லேசாக ஒரு செருமல். மீண்டும் பேர்கள் தொடர்ந்தன. பேர் மறந்துபோய் நிறுத்துகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்றாவது முறை நின்றபோதுதான் புரிந்தது. வயிறு நிறையச் சாப்பிட்ட ஒரு மனிதர், வயிற்றை மடக்கி, தலையைத் தாழ்த்தி, அரைமணி நேரம். கவிழ்த்த குடத்தில் தண்ணீர் நிற்குமா? இருட்டில் விரல் விட்டு எண்ணினேன். ஒன்பது முறை ஏறியது. ஒன்பது முறையும் விழுங்கிவிட்டு அடுத்த வீட்டின் பேரைச் சொன்னார்.

எல்லா வீடும் முடிந்த பிறகு, கடைசியாக, "பாறசாலை பல்லு டாக்டரம்மாவையும் நெனச்சருளும். அவியளுக்கு ஒரு கொறவும் வராம காத்துக்கிடும்," என்றார். என் பேர் எதற்கு அந்தக் கடைசி இடத்தில் வந்தது என்று அப்போது யோசிக்கவில்லை. அழுதுவிட்டேன். கரண்டு வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

வெளிச்சம் வந்ததும் கேட்டேன். "எத்தன வருஷமா இப்பிடி?"

"உபதேசியார் ஆன நாளிலேந்து. பன்னிரெண்டு வருஷம் ஆச்சு."

அவருக்கு வயிற்றின் வாய் முன்னமே கொஞ்சம் இளகியிருந்திருக்கும், பன்னிரண்டு வருடம் தினமும் செய்த இது அதைக் கூட்டியிருக்கும் என்று சொன்னேன். அவர் முகம் வெளிறிவிட்டது. வேலை போகும் என்று கேட்டபோதுகூட அப்படி ஆகியிருக்காது.

"அப்பம் ஜெபம் பண்ணப்பிடாதுண்ணா சொல்லுதீங்க?"

"பண்ணுங்க. நெத்தி தரையில முட்டப் பண்ணுங்க. ஆனா சோறு திங்கதுக்கு முன்ன பண்ணுங்க."

"பசியோட பண்ணினா ஒண்ணு ரெண்டு பேரு விட்டுப்போகும் டாக்டரம்மா."

"விட்டுப்போனா கர்த்தருக்குத் தெரியாதாக்கும்?" என்றாள் தங்கபாய். அன்று அவள் முதல்முறையாக என் பக்கம் பேசினாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் டார்ச் அடித்துக்கொண்டு வந்ததும் அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பினால் போதும் என்று என் கணவர் சொன்னார். நான் கேட்கவில்லை. ஊரே கேட்கும்படி நான் சொன்னதை, ஒரு கடிதத்தை உறைக்குள் போட்டு ஒட்டித் திரும்ப எடுக்க முடியாது. ஆலயத்தை ஒட்டிய அறையில் போதகரும் ஏழு ஆண்களும் உட்கார்ந்திருந்தார்கள். சத்தியநேசன் வெளியே படியில் இருந்தார். நின்றுகொண்டே சொன்னேன்: நான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை, வாடையை வைத்து முடிவுசெய்தேன், அது தப்பு, அந்தத் தப்பைச் சத்தமாகச் செய்தேன்.

செயலாளர் நேர்மையான ஆள். அவர் கேட்டது நியாயமான கேள்வி.

"அப்பம், அவரு குடிக்கமாட்டாருண்ணு பல்லப் பாத்து ஒறப்பு சொல்லுவீங்களா டாக்டரம்மா?"

இந்த இடத்தைத்தான் நீங்கள் மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. அந்த மனிதருக்கு நான் கடன்பட்டிருந்தேன், மனது அதைச் சொல்லச் சொன்னது. ஆனால் போன தடவை பல்லில் இல்லாத ஒன்றைப் படித்துத்தான் இவ்வளவும் வந்தது. இப்போது அவருக்கு நல்லதென்று மறுபடியும் பல்லில் இல்லாததைப் படித்தால், நான் ஒன்றும் திருந்தவில்லை என்றுதான் ஆகும்.

"சொல்ல முடியாது," என்றேன். அறையில் ஒரு சலசலப்பு. "பல்லு, ஆசிட் ஏறுதுண்ணு மட்டும்தான் சொல்லும். ஏன் ஏறுதுண்ணு சொல்லாது. வயித்து டாக்டர் குழாய் விட்டுப் பாத்தா அவர் சொல்லுவார். ஆனா நான் கண்டதயும் கேட்டதயும் சொல்லலாம்." முந்தின நாள் சாயங்காலம் நடந்ததைச் சொன்னேன். சாப்பாடு, பாய், தரையில் வைத்த நெற்றி, நின்று நின்று போன குரல், ஒன்பது முறை. யாருக்கு என்ன வேண்டிக்கொண்டார் என்று சொல்லவில்லை, அது அவருக்கும் அவர் தெய்வத்துக்கும் உள்ளது. "உங்க ஒவ்வொருத்தருக்க வீட்டுப் பேரும் வந்துது. செயலாளரே, உங்க வீடு நாலாவதா வந்துது," என்று மட்டும் சொன்னேன்.

செயலாளர் தலையைக் குனிந்துகொண்டார். மூலையில் கமிட்டியின் மூத்தவர் உட்கார்ந்திருந்தார், வாயில் ஒரு பல்கூட இல்லாத பெரியவர். அவர்தான் வாயைத் திறந்தார்.

"அப்பம் அந்த ஆளு நமக்கு வேண்டி ஜெபிச்சாக்கும் பல்லு போச்சு. நாம அவருக்க வீட்டையும் புடுங்கப் போறோம். கொள்ளாம், நல்லா இருக்கு."

போதகர் எழுந்து போய், படியில் இருந்தவரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தார். அடுத்த ஞாயிறு பிரசங்கம் உபதேசியார்தான் என்று முடிவாயிற்று. வயிற்று டாக்டரிடம் அவரைக் கூட்டிக்கொண்டு போனது செயலாளர். திருவனந்தபுரத்தில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றின் வாய் இளகி, உணவுக்குழாயின் அடியில் புண் இருந்தது. மாத்திரை கொடுத்தார்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல் வைக்கச் சொன்னது நான். உமிக்கரிப் பாத்திரத்தைத் தங்கபாய் அவளாகவே ரப்பர் தோட்டத்தில் கவிழ்த்துவிட்டாள். அமிலம் ஏறுவது நன்றாக அடங்கிய பிறகுதான் பல்லில் கைவைத்தேன். அதுவரை எது கட்டினாலும் கரைந்த சுவரில் சுண்ணாம்பு அடித்த மாதிரிதான்.

பழைய கார்டைக் கிழித்துவிடலாம் என்றாள் அம்பிகா. கிழிக்கவில்லை. சிவப்பு எழுத்தின்மேல் ஒரே ஒரு கோடு போட்டு, படிக்கிறாற்போலவே விட்டு, கீழே 'நான் கேட்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த மாதமே தட்டியை எடுத்துவிட்டுக் கதவோடு சுவர் கட்டினேன். அன்றிலிருந்து நோயாளி போன பிறகு, "நீ என்ன கண்டே?" என்று அம்பிகாவிடம் கேட்காமல் நான் எந்தக் கார்டையும் எழுதியதில்லை. உங்களுக்கும் ஒரு அம்பிகா இருப்பாள். அவளிடம் கேளுங்கள், ஏசிக்கொண்டிருந்தால் அவள் சொல்லமாட்டாள்.

சத்தியநேசன் அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் பல்லைக் காட்ட வருவார். மரச்சீனியோ பலாப்பழமோ ஏதாவது ஒன்று கூட வரும். ஓய்வு பெற்று, மகன் வீட்டோடு காட்டாக்கடைக்குப் போகும் முன் ஒருமுறை வந்தார். நாற்காலியில் சாய்ந்தவரிடம் விளையாட்டாகக் கேட்டேன்.

"உபதேசியாரே, இப்பவும் ஜெபத்தில எனக்கு எடம் உண்டா?"

"உண்டு. ஆனா எடம் மாறியாச்சு."

"அது என்ன?"

"எனக்க ஜெபத்துக்கு ஒரு வரிச உண்டு டாக்டரம்மா. மொதல்ல சொகமில்லாதவிய. பொறவு தூரத்துக்குப் போனவிய. பொறவு சபை வீடுவ. கடைசியில விரோதிய. அன்னைக்கு இருட்டில இருந்து நீங்க கேட்டது, விரோதியளுக்க எடமாக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. "அந்த எடத்தில எத்தன பேரு உண்டாயிருந்துது?"

"நீங்க ஒரு ஆளுதான்."

அவர் சொன்னதில் குத்தல் ஒன்றும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்த அம்பிகாவின் கை நின்றது.

"இப்பம்?" என்றேன்.

"இப்பம் அந்த எடத்தில ஆளே இல்ல. உங்கள எனக்க மக்களுக்கப் பேரோட சேத்தாக்கும் சொல்லுதேன். சோறு திங்கதுக்கு முன்ன."

கண்ணாடியை எடுத்து, "வாயத் திறங்க உபதேசியாரே," என்றேன்.